பழைய மின்னூல் கோப்பு திறக்கவில்லையா? வடிவம் மாற்றப் பழகுவோம்

போன மாதம் அக்கா மகள் ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் அப்பாவின் பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்தவை. "மாமா, தாத்தா இவ்ளோ புத்தகம் சேர்த்து வெச்சிருக்கார். ஒண்ணுகூட என் ஃபோன்ல திறக்க மாட்டேங்குது" என்றாள். நாற்பது சொச்சம் கோப்புகள். சிலவற்றின் வால் (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) லிட் (lit), சிலவற்றுக்குப் பிஆர்சி (prc), சிலவற்றுக்கு மோபி (mobi). கூடவே ஒரேயொரு தமிழ்ப் பிடிஎஃப். அப்பா ஓய்வுபெற்ற பிறகு, தான் வேலை பார்த்த பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதி, டிடிபி சென்டரில் கொடுத்து அச்சடித்து உறவினர்களுக்குக் கொடுத்த சின்னப் புத்தகம் அது.

அந்தப் பென்டிரைவை இரண்டு வாரம் உட்கார்ந்து சரிசெய்தேன். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். இதுவரை எந்தக் கோப்பையும் மாற்றிப் பார்க்காதவரும் பின்தொடரலாம்.

முதலில் அது என்ன கோப்பு என்று பாருங்கள்

விண்டோஸ் பெரும்பாலும் கோப்புப் பெயரின் வாலை மறைத்து வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' மெனுவுக்குள் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிடுங்கள். வால் தெரியும். ஆனால் வாலை மட்டும் நம்பக் கூடாது. யாராவது பெயரை மாற்றி வைத்திருக்கலாம்.

சந்தேகம் வந்தால் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள். உள்ளே முழுக்கக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சதவீதக் குறியும் அதையொட்டிப் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப். கொஞ்சம் தள்ளி புக்மோபி என்று ஆங்கிலத்தில் தெரிந்தால் மோபி வகை. பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கினால் அது ஸிப் (zip), அதாவது பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம். கூடவே இபப் (epub) என்ற சொல்லும் அந்த வரியில் கண்ணில் பட்டால் அது இபப் என்ற மின்னூல் வடிவம். பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் 'சேவ்' கொடுத்தால் கோப்பு கெட்டுவிடும். அதனால் எப்போதும் நகலில்தான் கை வைக்க வேண்டும்.

இத்தனை வடிவங்கள் எங்கிருந்து வந்தன

2000-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் 'ரீடர்' மென்பொருளோடு லிட் வடிவத்தைக் கொண்டுவந்தது. 2012-இல் அந்த மென்பொருளையே நிறுத்திவிட்டது. சோனி தன் மின்னூல் வாசிப்புக் கருவிக்கென்று எல்ஆர்எஃப் என ஒன்று வைத்திருந்தது. 2009-இல் அதை விட்டுவிட்டு இபப் பக்கம் வந்தது. பிரான்சில் 2000-இல் தொடங்கிய மொபிபாக்கெட் நிறுவனத்துடையவை மோபியும் பிஆர்சியும். பாம் கையடக்கக் கருவிகளின் கோப்பு அமைப்பை அடிப்படையாக வைத்து உருவானவை. 2005-இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2007 நவம்பரில் அமேசானின் வாசிப்புக் கருவியான முதல் கிண்டில் வந்தபோது அதில் இருந்த ஏஇசட்டபிள்யூ வடிவம் ஏறக்குறைய மோபியேதான், பூட்டும் வாலும்தான் வேறு. 2011-இல் ஏஇசட்டபிள்யூ3 வந்தது. எழுத்துருவைப் புத்தகத்துக்குள்ளேயே பொதிந்து வைக்க அதில்தான் வழி பிறந்தது. பழைய மோபியில் அது முடியாது, தமிழுக்கு அது பெரிய குறை. 2015-இல் கேஎஃப்எக்ஸ் வந்தது.

இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கம்பெனியின் கையில் இருப்பவை. அந்தக் கம்பெனி ஆர்வம் இழந்தால் கோப்பும் அநாதைதான். இபப் அப்படியில்லை. 2007-இல் பல பதிப்பகங்களும் மென்பொருள் நிறுவனங்களும் சேர்ந்திருந்த ஒரு கூட்டமைப்பு அதைப் பொதுத் தரமாக அறிவித்தது. 2017 முதல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதைக் கவனித்து வருகிறது. யார் வேண்டுமானாலும் அதற்குச் செயலி எழுதலாம். அதனால் நீண்ட நாள் வைத்துக்கொள்ள வேண்டிய எதையும் நான் இபப்பில்தான் வைப்பேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஓர் இபப்பைப் பிரித்துப் பாருங்கள்

இதை ஒரு தடவை செய்து பார்த்தால் பாதி பயம் போய்விடும். ஏதாவது ஓர் இபப் கோப்பை நகலெடுத்து, அதன் வாலை ஸிப் என்று மாற்றி, பிரியுங்கள். கையில் இபப் இல்லையென்றால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியான நூல்கள் நிறைய உண்டு, ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே 'மைம்டைப்' என்று ஒரு குட்டிக் கோப்பு இருக்கும். மொத்தம் இருபதே எழுத்துகள், 'நான் இபப்' என்ற அறிவிப்பு. இது பொட்டலத்தின் முதல் கோப்பாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும் என்பது விதி. நோட்பேடின் முதல் வரியில் அந்தச் சொல் பளிச்சென்று தெரிந்ததற்கு அதுதான் காரணம். அப்புறம் ஓபிஎஃப் என்று முடியும் கோப்பு ஒன்று. புத்தகத்தின் பெயர், ஆசிரியர், மொழி, எந்த அத்தியாயத்துக்குப் பின் எது என்ற வரிசை எல்லாம் அதில். மீதி எல்லாம் சாதாரண இணையப் பக்கங்கள். ஓர் அத்தியாயத்தை பிரவுசரில் இழுத்துப் போட்டால் அப்படியே படிக்கலாம்.

ஆக, வடிவம் மாற்றுவது என்பது உள்ளே இருக்கும் இந்தப் பக்கங்களை வெளியே எடுத்து வேறு பொட்டலத்தில் கட்டுவதுதான். பொட்டலத்துக்குள் ஒழுங்கான பக்கங்கள் இருந்தால் வேலை ஒரு நிமிடம். இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் அதிசயம் நடத்த முடியாது.

பூட்டு இருக்கிறதா?

கடையில் வாங்கிய மின்னூல்களில் பெரும்பாலானவற்றுக்கு டிஆர்எம் என்ற பூட்டு உண்டு. பூட்டு வேறு, வடிவம் வேறு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். இபப்பிலும் பூட்டு போடலாம், பூட்டில்லாத மோபியும் உண்டு. மாற்றும் மென்பொருள் பூட்டிய கோப்பைக் கண்டால் 'முடியாது' என்று சொல்லி நின்றுவிடும்.

பூட்டை உடைக்க நான் சொல்லித்தரப் போவதில்லை. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. எழுதிப் பிழைப்பவருக்கு அந்தக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதும் எனக்கு முக்கியம். அதே சமயம், காசு கொடுத்து வாங்கியவர் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போவது எனக்குச் சம்மதமில்லை. அப்பாவின் பென்டிரைவில் ஒரு கோப்பு அப்படித்தான். அவர் காசு கொடுத்து வாங்கியது. விற்ற கடை மூடி வருடக்கணக்காகிவிட்டது, திறவுகோல் கேட்க ஆளில்லை. அதை அப்படியே தனி ஃபோல்டரில் போட்டு வைத்தேன்.

அதனால் வாங்கும்போதே பாருங்கள். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பகங்கள் இருக்கின்றன. சில புத்தகங்களின் விவரப் பகுதியிலேயே, பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால் டிஆர்எம் இல்லாமல் விற்கிறோம் என்று போட்டிருக்கும். ஆசிரியரைத் தெரியும் என்றால் நேரில் கேளுங்கள், இபப் அனுப்பிவைக்கும் தமிழ் எழுத்தாளர்கள் உண்டு. கிண்டிலில் வாங்கியதைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியை 2025 பிப்ரவரி 26-ஓடு அமேசான் நிறுத்திவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

காலிபரை நிறுவி, முதல் புத்தகத்தை மாற்றுவோம்

கோவிட் கோயல் என்பவர் சோனியின் பிஆர்எஸ்-500 கருவியை வாங்கினார். அது லினக்ஸில் வேலை செய்யவில்லை. 2006-இல் தானே ஒரு மென்பொருள் எழுத ஆரம்பித்தார். அதுதான் மின்னூல்களை அடுக்கிவைக்கவும் வடிவம் மாற்றவும் உதவும் காலிபர். இலவசம், மூல நிரலும் திறந்தது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கோப்பை ஏற்றினால் மாற்றித் தரும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. அச்சாகாத கையெழுத்துப் பிரதியை, வீட்டுக் குறிப்புகளை அங்கே ஏற்றாதீர்கள். அது யார் கணினியில் போய்த் தங்கும் என்று நமக்குத் தெரியாது.

நிறுவியதும் நூலகத்தை எங்கே வைக்கட்டும் என்று கேட்கும். ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள், அப்புறம் அந்த ஃபோல்டருக்குள் நீங்கள் நேரடியாகப் போய் எதையும் நகர்த்தவோ பெயர் மாற்றவோ கூடாது. தமிழ்ப் புத்தகத்தைச் சேர்த்தால் அந்த ஃபோல்டரில் பெயர் ஆங்கில எழுத்தில் விழும். 'ஐயோ, தமிழ் போய்விட்டதே' என்று பதற வேண்டாம், காலிபருக்குள் தமிழாகவே தெரியும்.

'ஆட் புக்ஸ்' அழுத்தி கோப்பைச் சேருங்கள். 'எடிட் மெட்டாடேட்டா'வில் பெயர், ஆசிரியர் சரியா என்று பாருங்கள், மொழி என்ற இடத்தில் தமிழ் என்று கொடுங்கள். வாசித்துக் காட்டும் செயலிகள் அதைப் பார்த்துத்தான் குரலைத் தேர்ந்தெடுக்கும், அதனால் இதை விட்டுவிடாதீர்கள். பிறகு 'கன்வெர்ட் புக்ஸ்'. திறக்கும் சன்னலில் வலது மேல் மூலையில் 'அவுட்புட் ஃபார்மேட்' இருக்கும், அதில் இபப் தேர்ந்தெடுங்கள். 'லுக் அண்ட் ஃபீல்' பகுதியில் எழுத்துருவைப் பொதியும் இடம் உண்டு. பழைய கருவியில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும் என்ற பயம் இருந்தால் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச உரிம எழுத்துருவைக் கணினியில் நிறுவி அங்கே காட்டுங்கள். மற்ற அமைப்புகளை முதல் முறை தொடவே வேண்டாம். 'ஓகே' கொடுத்தால் முடிந்தது.

ஒரே புத்தகம் உங்களிடம் பல வடிவங்களில் இருந்தால் எதிலிருந்து மாற்றுகிறோம் என்பதே முக்கால் பங்கு வேலை. லிட், மோபி, இபப், வேர்ட் கோப்பு ஆகியவற்றிலிருந்து நன்றாக வரும். பிடிஎஃப்தான் கடைசி. அப்பாவின் லிட், பிஆர்சி கோப்புகளில் அந்தப் பூட்டியது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒரே மாலையில் இபப் ஆகிவிட்டன. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

தமிழ்ப் பிடிஎஃப்: இங்கேதான் பொறுமை வேண்டும்

பிடிஎஃப்புக்குப் பத்தி, அத்தியாயம் என்று எதுவும் தெரியாது. 'இந்த எழுத்து வடிவத்தைத் தாளில் இந்த இடத்தில் வை' என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அதனால் முதலில் ஒரு சோதனை. பிடிஎஃப்பில் இரண்டு வரியைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லையா? அது ஸ்கேன் செய்த படம். படத்திலிருக்கும் எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி மென்பொருள் வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே படித்துத் தரும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் உண்டு. எப்படி எடுத்தாலும் மெய்ப்பு பார்த்தே ஆக வேண்டும்.

ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாக வருகிறதா? அது யூனிகோடுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு) முந்தைய எழுத்துரு. அப்படியொரு எழுத்துருவான பாமினியில் 'அம்மா' என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து தட்டு. கோப்புக்குள் இருப்பது அந்த ஐந்தும்தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகமூடியைப் போட்டுக் காட்டுகிறது, எழுத்துரு இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடும். டிஸ்கி, டாம், டாப், வானவில் என்று இந்த வகையில் நிறைய. என்எச்எம் கன்வெர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் எந்த வகை என்று சொல்லி ஒட்டினால் யூனிகோடாகத் தரும். வகை தெரியவில்லையா? பிடிஎஃப்பின் 'ப்ராபர்ட்டீஸ்' சன்னலில் எழுத்துருப் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் அப்பாவின் கோப்புக்கு நடந்தது. தமிழாகவே வந்தது, ஆனால் 'கொண்டான்' என்பது 'ெகாண்டான்' என்று வந்தது. அச்சில் கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது, பிடிஎஃப் அந்த வரிசையிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டது. யூனிகோடிலோ முதலில் க, அப்புறம்தான் கொம்பு. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தெரிவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. தேடினால் சொல் கிடைக்காது, ஃபோனில் வாசிக்கச் சொன்னால் உளறும்.

இதற்கு வழி இருக்கிறது. காலிபரில் இபப்பாக மாற்றிவிட்டு, புத்தகத்தின் மேல் நின்று ஆங்கில டி (T) விசையை அழுத்தினால் 'எடிட் புக்' திறக்கும். தேடும் பகுதியில், சொல்லுக்குப் பதில் எழுத்து அமைப்பைக் கொடுத்துத் தேடும் 'ரீஜெக்ஸ்' முறையையும், எல்லாப் பக்கங்களிலும் தேடும்படியும் தேர்ந்தெடுங்கள். தேட வேண்டியது இது:

([ெேை])([க-ஹ])

பதிலாகப் போட வேண்டியது இது:

\2\1

கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி இவற்றில் ஒன்று, அதற்கடுத்து ஒரு மெய்யின் வடிவம், இரண்டையும் இடம் மாற்று என்பதுதான் பொருள். முடிந்ததும் சாதாரணத் தேடலில் 'ெ' உடன் 'ா' ஒட்டி நிற்பதை 'ொ' என்றும், 'ே' உடன் நிற்பதை 'ோ' என்றும் மாற்றிவிடுங்கள்.

ஒரே ஒரு முறைதான் இதை ஓட்ட வேண்டும். நான் முதல் நாள் ஆர்வக்கோளாறில் இரண்டு முறை அழுத்திவிட்டேன். சரியாகியிருந்த 'செய்தான்' எல்லாம் 'சயெ்தான்' ஆகி உட்கார்ந்தது. அசல் நகல் இருந்ததால் பிழைத்தேன். அதேபோல, பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கும் கோப்பில் மொத்தமாக ஓட்டாதீர்கள், ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றுங்கள்.

இதற்குப் பிறகும் கண்ணால் பார்க்க வேண்டியவை உண்டு. 'கௌரி'யில் ஔகாரக் குறிக்குப் பதில் ள இருக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர இருக்கும். பக்க எண்ணும் புத்தகத் தலைப்பும் வாக்கியத்தின் நடுவே புகுந்திருக்கும். வரி முடிந்த இடத்திலெல்லாம் பத்தி உடைந்திருக்கும். இதற்கு மட்டும் மாற்றும் சன்னலில் 'ஹியூரிஸ்டிக் ப்ராசஸிங்' என்ற பகுதியைச் செயல்படுத்தினால் ஓரளவு ஒட்டித் தரும். அப்பாவின் எண்பத்து நான்கு பக்கத்துக்கு எனக்கு ஒன்பது இரவுகள் ஆயின. ஒரு நாவல் அளவு என்றால் முதலில் ஆசிரியரிடமோ பதிப்பகத்திடமோ மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சரிபார்த்து, கருவியில் ஏற்றுவது

எடிட் புக்கில் எஃப்7 அழுத்தினால் கோப்பில் இருக்கும் தொழில்நுட்பப் பிழைகளைப் பட்டியலிடும். அதன்பின் ஃபோனில் திறந்து பொருளடக்கத்தில் ஓர் அத்தியாயத்தைத் தொட்டுப் பாருங்கள், சரியான இடத்துக்குப் போகிறதா என்று. எழுத்தின் அளவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்ரீ, க்ஷ, கொ, கௌ வரும் ஒரு பக்கத்தைப் படியுங்கள்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் மோபியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தேவையில்லை. கோப்பைக் கருவிக்கு அனுப்பும் அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை 2022 முதல் இபப்பையே வாங்கிக்கொள்கிறது. இணையதளம் வழியாக அனுப்பினால் 200 எம்பி வரை போகும். வயர் போட்டு ஏற்றுவதாக இருந்தால் மட்டும் காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றி ஏற்றுங்கள்.

மாற்றி முடித்ததும் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல மாற்றி வரும், அன்றைக்கு அசல்தான் வேண்டும். நான் அசலையும் இபப்பையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், அக்கா வீட்டில் ஒரு நகல் என்று வைத்திருக்கிறேன்.

பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக இதைச் செய்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அவர்கள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றித் தருவதற்கு நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு 2012 திருத்தம் முதல் இடம் தருகிறது. இதற்கான உலக உடன்படிக்கையான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான்.

எங்கள் வீட்டில் அது அம்மாவுக்கு உதவியது. கண் அறுவைக்குப் பிறகு அவரால் நெடுநேரம் படிக்க முடிவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் தன் ஃபோனில் அப்பாவின் புத்தகத்தைத் திறந்து, வாசிக்கும் பொத்தானை அழுத்தி அம்மா பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது அத்தியாயத்தில் ஓர் ஊர்ப் பெயரை அந்தக் குரல் தப்பாகச் சொன்னது. அம்மா உடனே நிறுத்தச் சொல்லி, "அது அப்படி இல்லை, உங்க அப்பா நெடில் போட்டுத்தான் சொல்வார்" என்றார். கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு துணைக்காலை நான் விட்டிருந்தேன்.